சிண்டுவின் கடைவாய்ப்பல்

சர்க்கரை நோய்க்காரியான எங்கள் பூனை சிண்டு இன்று காலையில் சாப்பாட்டைத் தொடவில்லை.

"கொழுப்பாக்கும் உனக்கு" என்று திட்டிக்கொண்டே இன்சுலின் ஊசியை எடுத்தேன். ஏனோ மனம் கேட்காமல், நெய்யாற்றின்கரை மிருக டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, போட்டுராதீங்க! தின்னாம போட்டா சுகர் தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாக்கும். உடனே கொண்டு வாங்க."

ஊசியை வைத்துவிட்டு, சிண்டுவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா அவள் வாயைத் திறந்து காட்டினார். ஈறு வீங்கி, கடைவாய்ப்பல் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த வேதனையில எப்பிடித் தின்னும்? வீட்டுல ஆரும் வாயத் திறந்து பாக்கதில்லியா?"

பாறசாலையில் பன்னிரண்டு வருடமாக ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்க்கும் பல் டாக்டர் நான்.

வெளியே நாயோடு உட்கார்ந்திருந்தார் பூவார்க்காரர் ஒருவர். பல் தேய்ப்பதில்லை என்று போன வாரம்தான் அவரை என் கிளினிக்கில் வைத்துத் திட்டியிருந்தேன். உள்ளே பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கும் போல, எழுந்து வந்து பணிவாகக் கேட்டார்: "டாக்டரே, பூனைக்கும் ரண்டு நேரம் தேய்க்கணும், இல்லியா?"

வலி மருந்துக்குப் பிறகு மத்தியானம் சிண்டு நாலு வாய் தின்றாள். எனக்கும் உயிர் வந்தது.

மக்கா, கடி வாங்காமல் பூனைக்குப் பல் தேய்த்துவிடத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா? எனக்கு மனிதர்களுக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.