கண்ணில் கோளாறில்லை, ஆனாலும் கண்மலர் செலுத்தினோம்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, பெரியப்பா, பேய் ஓட்டப் பெரியப்பா கூட்டிவந்த கோடாங்கி, உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த என் தங்கச்சி தனம், வாசப்படியில் குறுக்கே நின்ற நான். இல்லாதவர் அப்பா. அவர் பந்தல்குடி ரோட்டோரம் தன் லாரிக்குள் உட்கார்ந்திருந்தார். சொந்த வீட்டுக்கு வர அவருக்கு வழியில்லாமல் போயிருந்தது.

மாரியாத்தாளை நம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்பாமல் சிரிக்கிறவர்களும் படிக்கட்டும். இரண்டு பேருக்கும் சொல்ல என்னிடம் விஷயம் இருக்கிறது.

என் தங்கச்சி ஒன்பதாம் வகுப்பு. அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில்தான் போவாள். போன வருசம் ஆனி மாதத்தில் ஒரு காலை, பின்னால் வந்த லாரி அந்த ஆட்டோவை இடித்துவிட்டது. ஆட்டோவில் ஓரத்து இடம் எப்போதும் தனத்துக்குத்தான். அன்றைக்கு அவளுடைய சிநேகிதி செல்வி தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு வந்திருக்கிறாள். காற்றில் காயட்டும் என்று இடத்தைக் கேட்டிருக்கிறாள். தனம் கொடுத்தாள். செல்வி அந்த இடத்திலேயே போய்விட்டாள். தனத்துக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

சிராய்ப்பு ஆறியது. அவள் ஆறவில்லை. பேச்சு நின்றது. சோறு இறங்கவில்லை. ரோட்டில் ஹாரன் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

அப்பா சிமெண்ட் லோடு ஓட்டுகிறவர். சேதி கேட்டுத் தூரத்திலிருந்து வந்தவர், அவசரத்தில் லாரியோடு தெருவுக்குள் வந்துவிட்டார். எஞ்சின் சத்தம் கேட்டதும் தனம் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. லாரியை ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வந்து பார்த்தார். அவர் சட்டையில் இருந்த டீசல் வாசனைக்கே அவள் மூச்சடைத்து விழுந்தாள். அதிலிருந்து அப்பா வீட்டுக்கு வருவதில்லை. சாப்பாட்டுத் தூக்கை நான்தான் ரோட்டுக்குக் கொண்டுபோவேன். “தனம் சாப்பிட்டாளாடா?” என்று கேட்பார். நான் சாப்பிட்டாள் என்பேன். அவர் தூக்கைத் திறக்காமலே வைத்திருப்பார்.

இந்த நிலையில்தான் கோடாங்கி வந்தார்.

“செத்த புள்ள பிடிச்சிருக்கு. ஓரத்துல உக்காந்தவ, தொணைக்கு இவளக் கூப்புடுறா. வேப்பங்குழையால அடிச்சு விரட்டணும்” என்றார் கோடாங்கி.

“யாரு மேலயும் கை வைக்க விட மாட்டேன்” என்றேன்.

“ஏலே, நாலு எழுத்துப் படிச்சிட்டா சாமியவிடப் பெரியவனாடா நீயி?” என்றார் பெரியப்பா. “ஒங்கப்பன் ரோட்டுல கெடக்கான். ஒந்தங்கச்சி சொவத்தப் பாத்துக் கெடக்கா. நீ வாசல மறிச்சு நிக்கிற. வேற என்ன வைத்தியம் வச்சிருக்க, சொல்லு?”

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன் நான். அருப்புக்கோட்டையில் ஒரு பைக் ஷோரூமில் கணக்கு எழுதுகிறேன். எதுவும் தெரியாமல் வாசலில் நின்றேன். ஆனால் நகரவில்லை.

“அடுத்த வெள்ளி வரைக்கும் பாக்குறேன். அப்பறமும் இப்படி நின்னயின்னா ஒன்னையத் தூக்கிப் போட்டுட்டு உள்ள போவேன்” என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போனார்.

மறுநாள் மத்தியானம் பைக்கை எடுத்துக்கொண்டு மாரியாத்தா கோயிலுக்குப் போனேன். ஒரு மணி நேரப் பாதை. வெயிலுக்கு ஆள் நடமாட்டமே இல்லை. கருவேலங்காடு மட்டும்தான் கூட வந்தது. தேங்காய் பழம் வாங்கவில்லை. வெறுங்கையோடு போய் நின்றேன். உண்மையில் கும்பிடப் போகவில்லை, சண்டை போடப் போனேன்.

“ஆத்தா, உம் பேரச் சொல்லி எந்தங்கச்சிய அடிக்கப் பாக்குறாக. நான் விட மாட்டேன். அது உனக்குக் குத்தம்னா என்னைய அடி. நீ அவளுக்குத் தாயின்னா, அடுத்த வெள்ளிக்குள்ள வேற வழியக் காட்டு. காட்டாட்டி இந்த வாசலுக்கு இனி நான் வாரதா இல்ல.”

இப்படித்தான் வேண்டினேன். இதைவிடப் பணிவாக வேண்ட எனக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை ஷோரூமில் இருந்தேன். தனத்தின் தலைமை ஆசிரியை போன் செய்தார். விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு மேடம் வந்திருக்கிறார், விபத்தைப் பார்த்துப் பயந்துபோன பிள்ளைகளுக்கென்றே பயிற்சி எடுத்தவர், புதன்கிழமை கூட்டிப் போ என்றார். பெரியப்பா வைத்த கெடுவைப் பற்றி அந்த டீச்சரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தற்செயல் என்று என் நண்பன் ஒருவன் சொல்கிறான். சொல்லட்டும். வழி காட்டு என்று கேட்டேன். வழி வந்தது. அதைத் தற்செயல் என்று சொல்லி நன்றி மறக்க நான் தயாராக இல்லை.

வீட்டில் விளக்கியது தனிக் கதை. டீச்சர் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். மேடம் விரலை இடமும் வலமுமாக ஆட்டுவாராம். தனம் நடந்ததை நினைத்துக்கொண்டே கண்ணால் அந்த விரலைத் தொடர வேண்டுமாம்.

“அப்ப கண்ணு வைத்தியம்” என்றாள் அம்மா.

“கண்ணு வைத்தியம் இல்லம்மா. மனசுக்கு.”

“கண்ணத்தானடா ஆட்டச் சொல்றாக?”

“ஆமா.”

“பின்ன என்ன? ஆத்தாளுக்கு வெள்ளியில கண்மலர் நேந்துக்கிறேன்.”

கண்மலர் என்றால் கண் வடிவில் செய்த வெள்ளித் தகடு. கண்நோவு தீர்ந்தவர்கள் ஜோடியாக வாங்கி ஆத்தா உண்டியலில் போடுவார்கள். அம்மா அன்று சாயங்காலமே மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாள். குழாயடியிலும் கடையிலும் தனத்துக்குக் கண்ணில் கோளாறு என்று சொல்லியும் விட்டாள். நான் ஒவ்வொருவரிடமும் போய் இல்லை இல்லை என்று திருத்தப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஏனென்றால் பேய் பிடித்த பிள்ளை என்று எட்டி நின்றவர்கள், கண்ணுக்கு நல்லது என்று பொன்னாங்கண்ணிக் கீரையோடு வீட்டுக்குள் வர ஆரம்பித்தார்கள். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கீரை தீரவே இல்லை.

சொன்னபடி வெள்ளிக்கிழமை பெரியப்பா கோடாங்கியோடு வந்தார். இந்த முறை வாசலில் அம்மா நின்றாள். பெரியப்பாவுக்கு முன்னால் தலை நிமிர்ந்து பேசாதவள்.

“மச்சான், அவளுக்குக் கண்ணுலதான் கோளாறு. ஆத்தாளுக்குக் கண்மலர் நேந்தாச்சு. நேத்திக்கடன் தீராம வேற ஆளு கை வைக்கக் கூடாது.”

கோடாங்கி பெரியப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். உடுக்கையைப் பைக்குள் வைத்தார். “ஆத்தா கையில குடுத்த புள்ளைய நான் தொட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அவர் தொழிலுக்கும் ஒரு நேர்மை இருந்தது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பெரியப்பாதான் தெரு கேட்கக் கத்தினார். “பொம்பளையப் பேச விட்டு வேடிக்கை பாக்குறான் பாரு! நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா எங்கிட்ட வராதீக!” இரண்டு வீட்டுக்கும் பேச்சு அன்றோடு நின்றது.

மேடத்தின் பெயர் ஃபர்ஸானா. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். பஸ்ஸைப் பார்த்தாலே தனம் நடுங்குவாள் என்பதால் பைக்கில், மெயின் ரோட்டை விட்டுக் காட்டுப் பாதையாகச் சுற்றிக் கூட்டிப் போனேன். அந்த வெள்ளிக்கு முந்தின புதன்தான் முதல் நாள். அன்றைக்கு அம்மாவும் பஸ்ஸில் தனியாக வந்து சேர்ந்தாள். வந்தவள் கேட்ட முதல் கேள்வி:

“நீங்க துவா பண்ணிக்கிட்டுத்தான் விரல ஆட்டுவீகளாம்மா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. மேடம் சிரித்தார். “எனக்குப் பயமா இருக்கிற அன்னைக்குப் பண்ணிக்குவேம்மா.”

“அது போதும்” என்றாள் அம்மா.

மேடம் உடனே விரலை ஆட்டவில்லை. முதல் வாரங்களில் தனத்துக்குத் தைரியம் சேர்க்கும் வேலைதான் நடந்தது. இரண்டு கையையும் மார்பில் குறுக்கே வைத்து, பட்டாம்பூச்சி சிறகடிப்பதுபோல் தோளில் மாறி மாறித் தட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். பயம் வரும்போது மனசுக்குள் போய் உட்கார, பத்திரமான ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார். தனம் முதல் தடவையாக வாய் திறந்தாளாம். “அப்பா லாரியில, சீட்டுக்குப் பின்னால இருக்கிற படுக்கை.” சின்னப் பிள்ளையில் அவள் அங்கேதான் தூங்குவாள். சொல்லிவிட்டு அழுதாளாம். அவள் பயந்ததும் லாரியைத்தான், தேடியதும் லாரியைத்தான்.

விரல் ஆட்டத் தொடங்கிய வாரம் நிலைமை மோசமானது. கனவு கண்டு கத்தினாள். மேடம் இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆனால் தெருவுக்கு அது தெரியுமா? “பாத்தீகளா” என்று பெரியப்பா டீக்கடையில் பேசியது எங்கள் காதுக்கு வந்தது. அம்மா மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் ஆத்தா படத்தின் முன் நின்று, “பாதியில விட்டுறாத, நானும் விட மாட்டேன்” என்றேன். அடுத்த புதனும் போனோம். அதற்கடுத்த புதனும்.

உள்ளே நடந்ததைப் பைக்கில் திரும்பும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தனம்தான் சொன்னாள்.

“விரலப் பாத்துக்கிட்டே அதை நெனைக்கணும்ணே. லாரி வரும். மேடம் நிறுத்துவாக. ‘இப்ப என்ன வருது’ம்பாக. சொல்லுவேன். ‘சரி, அதோட போ’ம்பாக. திருப்பி விரலு. மொதல்ல லாரி என் மூஞ்சிக்கு நேரா நின்னுச்சு. இப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிது.”

இன்னொரு நாள், காதோரம் காற்றில் பாதி கேட்டும் கேட்காமலும்:

“நான் செல்வியத் தள்ளி விடலண்ணே. அவ கேட்டா, குடுத்தேன். அவ்வளவுதான்.”

வண்டியை ஓரம் கட்டினேன். ஓட்ட முடியவில்லை. அத்தனை மாதமும் அவள் தன்னைக் கொலைகாரியாக நினைத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கோடாங்கி செல்வியைப் பேய் என்று சொன்னது உள்ளே அவள் காதில் விழுந்திருக்கிறது. “செல்வி என்னைய ஒண்ணும் செய்ய மாட்டா. அவளப் போயிப் பேயின்னாக. அதான் ரொம்ப வலிச்சுச்சு” என்றாள். குழையால் நாலு அடி விழுந்திருந்தால், தனக்குக் கிடைக்க வேண்டிய தண்டனை அது என்று வாங்கிக்கொண்டு காலத்துக்கும் ஊமையாகியிருப்பாள். நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் புதிதாக வருகிறது. வரட்டும். அது தணிய வேண்டாம்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, “அண்ணே, மெயின் ரோட்டு வழியாப் போ” என்றாள். ஆட்டோ இடிபட்ட அந்த இடம் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கைகளைக் குறுக்கே வைத்துத் தோளில் தட்டிக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது.

தை மாதம் அவளே அப்பாவுக்குப் போன் செய்தாள். “அப்பா, லாரியத் தெருவுக்குக் கொண்டாங்க. ஆத்தா கோயிலுக்குக் கண்மலர் போடப் போவோம்.”

அப்பா தெரு முனையிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டார். “ஆஃப் பண்ணாதீக!” என்று இவள் இங்கிருந்து கத்தினாள். லாரி உறுமிக்கொண்டே மெதுவாக வந்தது. அவள் வாசலில் நின்று தோளில் தட்டிக்கொண்டே இருந்தாள். முகம் வெளுத்துத்தான் இருந்தது. தெருவே வெளியே நின்றது. பெரியப்பா அவர் வீட்டு வாசலில் நின்றார். தனம் நடந்து போய், படியில் கால் வைத்து, கேபினுக்குள் ஏறினாள்.

அப்பா ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துவிட்டார்.

“அழுகையக் கோயில்ல வச்சுக்கோங்கப்பா. இப்ப ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றாள் அவள். நாங்களும் ஏறிக்கொண்டோம். கீரை கொண்டுவந்தவர்களில் இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். பெரியப்பா ஏறவில்லை.

கோயில் வாசல் கடையில் அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்தாள். கடைக்கார அக்கா, “யாருக்கும்மா கண்ணுல கோளாறு?” என்று கேட்டார்.

“எனக்குத்தான். கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றாள் தனம்.

“பின்ன என்ன தாயி?”

“உள்ள ஒரு லாரி நின்னுச்சு. போயிருச்சு.” அந்த அக்கா விழித்தார். தனம் சிரித்தாள். பிறகு, “இன்னொரு சோடியும் குடுங்கக்கா. செல்வி பேருக்கு” என்றாள்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். ஆட்டோவில்தான். ஹாரனுக்கு இன்னும் தோள் தூக்கிப் போடுகிறது. அதையும் மறைக்கவில்லை. அப்பா வீட்டில் சாப்பிடுகிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று சொல்கிறவர்களே, என் ஆத்தா ஃபர்ஸானா மேடத்தின் விரலில் வந்தாள். அவளுக்கு எந்த வாசலும் அந்நியமில்லை. மேடம்தான் குணமாக்கினார், இதில் சாமி எங்கே என்று கேட்கிறவர்களே, அந்த வெள்ளிக்கிழமை வாசலில் நீங்கள் நின்று பார்த்திருக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், அடிக்க ஓங்கும் கையை முதலில் தடுங்கள். அப்புறம் ஆத்தாளிடம் போங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். வழி வந்ததும் அந்த வழியில் வாரம் தவறாமல் நடங்கள்.

பெரியப்பா வீட்டோடு இன்னும் பேச்சு இல்லை. தனம் மீண்டு வந்ததற்கு அதுதான் விலை என்றால் கொடுத்தாச்சு. மற்றபடி மேடம் காசு வாங்கவில்லை. என் வண்டிக்குப் பெட்ரோல், புதன்கிழமைகளில் பிடித்த சம்பளம், கோயிலுக்குப் போன லாரி டீசல், வெள்ளிக் கண்மலர் இரண்டு ஜோடி. மொத்தச் செலவு ஏழாயிரத்து நானூறு ரூபாய்.