முஃபீதா கடலைப் பார்த்த நாள்

கண்டக்குழியில் முஃபீதாவின் வீட்டு வாசலில் நின்று கொஞ்சம் பலமாகத் தும்மினால் அது கடலில் போய் விழும். அவ்வளவு கிட்டத்தில் பிறந்து வளர்ந்து, அங்கேயே கலியாணமும் முடித்த ஒருத்தி, "நான் இன்னும் கடலைப் பாக்கல்ல" என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்? கண்ணாடி போடச் சொல்லும். முஃபீதாவின் கண்ணிலோ ஒரு குறையும் இல்லை. ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமென்றால் அக்கம்பக்கத்துக் குமரிகளே அவளிடம்தான் வருவார்கள்.

பிரச்சினை வேறு. அவள் யூஜினி அக்காவின் கபானாவில் சமைக்கிறாள். கடற்கரையோடு ஓலை வேய்ந்த நாலைந்து அறைகள். முன்னால் மணலில் சாய்வுக் கதிரைகள். சோழகக் காற்று தொடங்கினால் வெள்ளைக்காரர் வந்து நிறைவார்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கித் திரிகிறவர்களை முஃபீதாவுக்கு நன்றாக விளங்கும். அதுவும் ஒரு தொழில்தான். விழுகிறார்கள், எழும்புகிறார்கள், களைத்துப்போய் வந்து நிறையச் சாப்பிடுகிறார்கள். விளங்காதது மற்றவர்களை. தாயும் தகப்பனும் பிள்ளைகளுமாக இரவு முழுக்கப் பிளேனில் குந்தியிருந்து வருவார்கள். வந்ததும் பையை அறைக்குள் எறிந்துவிட்டுக் கதிரையில் சாய்வார்கள். அவ்வளவுதான். பொழுது படும்வரை கடலைப் பார்ப்பார்கள். அடுத்த நாளும் அதே கடல், அதே பார்வை.

என்னத்தைப் பார்க்கிறார்கள்?

செவ்விளநீர் கொண்டுபோகிற சாட்டில் அவர்களின் கதிரைக்குப் பின்னால் நின்று அதே திசையில் பார்த்திருக்கிறாள். ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் அவர்களின் கண் மட்டத்துக்கே தலையைத் தாழ்த்திப் பார்த்தாள். காதோரம் மூச்சுச் சத்தம் கேட்ட வெள்ளைக்காரி அலறிக்கொண்டு எழும்பியதுதான் மிச்சம். கடைசியில் யூஜினி அக்காவைக் கொண்டு கேட்பித்தாள்.

"சும்மா பாக்கிறாங்களாம்" என்றாள் யூஜினி.

"சும்மா எண்டா?"

"சும்மாதான்."

"அவங்கட ஊர்ல கடல் இல்லையாமா?"

"ஈக்குதாம்."

அங்கேயும் கடல் இருக்கிறதாம்! அந்த 'ஈக்குதாம்' முஃபீதாவைப் பிடித்து ஆட்டியது. அவளுக்குத் தெரிந்த கடற்பார்வை வேறு. தோணி வருகிறதா, மழை இருட்டுகிறதா, காயப்போட்ட கருவாட்டை அள்ளவேண்டுமா என்று பார்ப்பது. பதில் கிடைத்ததும் திரும்பி உள்ளே போய்விடுவது. சோறு வெந்ததா என்று பானைக்குள் பார்க்கிற மாதிரி. வெந்த பிறகும் பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு இருப்பார்களா யாராவது?

பள்ளிக்கூட லீவு வந்தது. பதிவு செய்திருந்த ஒரு ஜெர்மன் குடும்பம் வரவில்லை என்று அறிவித்துவிட்டது.

"முஃபீதா, மூணு நாளைக்கு றூம் காலியாத்தான் கிடக்கப்போகுது" என்றாள் யூஜினி. "புருஷனையும் மகளையும் கூட்டிட்டு வந்து இரு. சமைக்க வராத. கெஸ்டா வா."

முஃபீதா கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தக் கதிரையும் தருவீங்களா?"

கணவன் மர்ஸூக்குக்கு இது பிடிபடவில்லை. தோணி எஞ்சின் கற்பிட்டியில் திருத்தக் கிடந்ததால் மனிதர் வீட்டில்தான் இருந்தார். "அந்தத் தென்னைக்கு அங்கால எங்கட கூரை தெரியுது. கோழி கூவினாக் கேக்கும். இதுக்குப் பேரு ஹொலிடேயா?" என்றார். ஆனால் மகள் ஸஹ்றா 'ஏசி' என்ற சொல்லைக் கேட்டதுமே உடுப்பை அடுக்கத் தொடங்கிவிட்டாள். ஒருவருக்கு எதிராக இருவர். மூவரும் றைஸ் குக்கர், தொழுகைப் பாய், ஊறுகாய்ப் போத்தல், ஆளுக்கொரு தலையணை சகிதம் பட்டப்பகலில் தெருவால் நடந்து போனார்கள். அங்கேதான் பிழை நடந்தது. தலையணையோடு வெளிக்கிடுகிறவர்கள் இந்த ஊரில் இரண்டே வகை. ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். மற்றது கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போகிறவர்கள்.

அடுத்த நாள் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு முஃபீதா கதிரையில் சாய்ந்தாள். கையில் தேத்தண்ணி. முன்னால் கடல். 'பிஸ்மில்லாஹ்' என்று பார்க்கத் தொடங்கினாள்.

வேலிக்கு அங்கால் கடையில் பாண் வாங்கிக்கொண்டு வந்த மர்ஸூக்கின் தாத்தா, அதாவது மூத்த சகோதரி, ஹஃபீலா இதைக் கண்டாள். இந்தக் கரையில் ஒரு பொம்பிளை அசையாமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தால் அதற்குக் காரணம் ஒன்றுதான். தோணி திரும்பவில்லை. தோணி மணலில் கவிழ்ந்து கிடப்பதும், அதன் எஞ்சின் கற்பிட்டியில் கிடப்பதும் அந்த நேரத்தில் ஹஃபீலாவுக்கு ஞாபகம் வருமா?

"என்ட தம்பி!" என்று அவள் போட்ட கூச்சலில் நாலைந்து பெண்கள் கூடவே ஓடிவந்தார்கள். கூச்சலைக் கேட்ட முஃபீதாவும் துள்ளி எழும்பினாள். "யா அல்லாஹ்! யாருட தோணி?" என்று அவளும் அழத் தொடங்கினாள். இவள் அழுவதைக் கண்டு வந்தவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் கட்டிப்பிடித்து, யாருக்காக என்று தெரியாமலே மனமார அழுதார்கள்.

சுடுதண்ணீர்க் குளிப்பை வாழ்க்கையில் முதல்முறையாக அனுபவித்துக்கொண்டிருந்த மர்ஸூக், தலையில் சவர்க்கார நுரையோடு வெளியே வந்தார். "என்ன சத்தம்?"

"நீ உசிரோடயா ஈக்கிறா?" என்றாள் ஹஃபீலா. சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் அதில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கையிலிருந்த பாணாலேயே தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

பிறகு விசாரணை.

"வீட்டில பாம்பு கீம்பு பூந்திட்டா?"

"இல்ல மதினி."

"கூரை ஒழுகுதா?"

"இல்ல."

"அப்ப என்னத்துக்கு இங்க?"

"சும்மாதான். கடலைப் பாக்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹஃபீலா குரலைத் தாழ்த்தினாள். "சொல்லுடி. அவன் கைய நீட்டினானா?"

"நான் இங்கதானே நிக்கிறன் தாத்தா!" என்றார் மர்ஸூக்.

"நீ கதைக்காத."

மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் நிர்வாகசபையிலிருந்து சாஹுல் ஹமீது நானா வந்து சேர்ந்தார். பிரிந்த எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்து வைத்தவர். பிரியாத குடும்பத்தைச் சேர்ப்பது அவருக்கு இதுதான் முதல் அனுபவம். ஆனாலும் சளைக்கவில்லை. "தங்கச்சி, எதுவா ஈந்தாலும் கதைச்சு முடிக்கலாம்" என்று முஃபீதாவின் கதிரையிலேயே சாய்ந்தார். மற்றக் கதிரைகளும் நிறைந்தன. மனிதர் வந்தால் தேத்தண்ணி கொடுக்காமல் இருக்க முடியுமா? கெஸ்டாக வந்த முஃபீதா யூஜினியின் குசினிக்குள் புகுந்தாள். சீசன் காலத்தில்கூட அந்தக் குசினியில் அவ்வளவு தேத்தண்ணி ஊற்றியதில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தது ஊர். ஊருக்குச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டு இருந்தாள் அவள். அஸர் போய், பொழுது பட்டு மஃரிபும் வந்தது.

போகும்போது சாஹுல் ஹமீது நானா மர்ஸூக்கைத் தனியே கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். "நீங்க வீட்டில போய்ப் படுங்க. ஆம்பிளை வீட்டில ஈந்தாக் கதை அடங்கிடும்." மர்ஸூக் நல்ல மனிதர், சொன்னதைக் கேட்பார். போய்ப் படுத்தார். விடிவதற்குள் ஊருக்கு நிச்சயமாகிவிட்டது: ரெண்டும் பிரிஞ்சிட்டுதுகள்.

காலையில் ஸஹ்றா போனைத் தூக்கிக் காட்டினாள். "உம்மா, கிளாஸ்ல எல்லாரும் கேக்கிறாங்க. வீட்டுக்குப் போவமா?"

முஃபீதாவுக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. தெரு முழுக்க இவளைப் பற்றிய கதை. ஆனால் நாளைக்கு இந்த அறைக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள். பிறகு அவள் பழையபடி செவ்விளநீர்த் தட்டோடு யாருடைய கதிரைக்காவது பின்னால் நிற்கவேண்டும். செத்தாலும் தெரியாது, அவர்கள் என்னத்தைப் பார்த்தார்கள் என்று.

"இண்டைக்கு ஒரு நாள்தான் ஈக்குது மகள். பாத்திட்டே போவம்" என்றாள்.

அங்கே வீட்டில் மர்ஸூக் தனியே இருந்து யோசித்தார். அவர் போய் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி 'நாங்க பிரியல்ல' என்று சொல்லலாம். யார் நம்புவார்கள்? ஆகவே சோறு ஆக்கினார். பாரைமீன் குழம்பும் வைத்தார். தோணியில் சமைத்த பழக்கம் இருந்தது. சட்டியைத் துவாயால் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு, லுஹர் முடிந்து பள்ளிவாசல் கலைகிற நேரம் பார்த்து நடுத்தெருவால் நடந்தார்.

ஊர் வாசலுக்கு வந்து பார்த்தது. புருஷன் சமைத்துப் பெண்சாதிக்குத் தலையில் சுமந்துகொண்டு போவதை இந்தத் தெரு முன்பு கண்டதில்லை. பிரிந்தவன் இப்படிச் செய்வானா? மாட்டான். பிரியாதவன்? அவனும் செய்யமாட்டானே! ஊர் மூளையைப் போட்டுக் கசக்கியது. பிறகு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் விளங்கியது.

ஹஃபீலா மாங்காய் அச்சாறுப் போத்தலோடு பறந்து வந்தாள். முகம் பெருநாள் மாதிரி இருந்தது. "மா ஷா அல்லாஹ்! இந்த வயசுலயாடி? என்னட்டயாவது சொல்லியிருக்கலாமே! நல்ல காத்துப்பட இருக்கச் சொன்னாரா டொக்டர்?"

முஃபீதா வாயைத் திறந்தாள். இல்லை என்று சொன்னால், அப்போ ஏன் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் தேத்தண்ணி வரும். திறந்த வாயால் அச்சாறில் ஒரு துண்டைக் கடித்தாள். "கொஞ்சம் தனிய ஈக்கணும் மதினி" என்றாள். அதில் பொய் இல்லை.

"யாரு வாறாண்டு நான் பாக்கிறன்!" என்று ஹஃபீலா வேலியருகே போய் நின்றாள். அதற்குப் பிறகு பூனை கூட அந்தப் பக்கம் வரவில்லை.

"நீ ஒண்டும் சொல்லல்லையா?" என்றார் மர்ஸூக், சட்டியை அவிழ்த்தபடி.

"அவங்க எங்க கேட்டாங்க? சொல்லிட்டெல்லோ போறாங்க."

சாப்பிட்டு முடித்து முஃபீதா கதிரையில் சாய்ந்தாள். முதலில் கண் பழக்கப்பட்ட வேலையைத்தான் செய்தது. அது றிஸ்கானின் தோணி, மற்றது அர்கமின் தோணி, ஆழத்தில் நிற்பது சிலாபத்தார் வள்ளம். இது சரிவராது என்று எழும்பி, தோணித்துறை தெரியாத பக்கமாகக் கதிரையைத் திருப்பிப் போட்டாள். இப்போது தண்ணீர் மட்டும்தான். தேட ஒன்றும் இல்லாததால் கண் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் தடுமாறியது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கடலுக்குள் கிடக்கிற கல்லுக்கு மேலே தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் பாசிப்பச்சையாக நிற்கிறது. அலை நேரே வருவதில்லை. ஒரு ஓரத்தில் தொடங்கி, துணி கிழிகிற மாதிரி மற்ற ஓரத்துக்கு உடைந்துகொண்டே போகிறது. இது எப்போதும் இப்படித்தானா, இல்லை இன்றைக்கு மட்டுமா?

பொழுது சாயும்போது மர்ஸூக் பக்கத்துக் கதிரையில் வந்து குந்தினார். "என்ன கண்ட?"

"பொறுங்க, இன்னும் வெளிச்சம் ஈக்குது."

அவரும் பார்த்தார். "காத்து விழப்போகுது. நாளண்டைக்கு மீன் படும்."

"காத்தைப் பாக்காதீங்க. மீனையும் பாக்காதீங்க. சும்மா பாருங்க."

மர்ஸூக் நெற்றியைச் சுருக்கி, கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சும்மா எண்டா, எந்தப் பக்கம்?"

முஃபீதா எழும்பிப் போய் அவருடைய கதிரையைப் பிடித்துத் திருப்பினாள்.