கசெட்டின் கடைசி நான்கு நிமிடங்கள்

1989ஆம் ஆண்டு கோடைகாலம். லண்டனில், நோர்பரியில் இருந்தோம். எங்கள் வீட்டு மேலறையை ஓர் ஆஸ்திரேலிய இளைஞனுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். வெள்ளைக்காரனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எப்படி மீன் குழம்பு வைக்கப் போகிறாய் என்று தெரிந்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். அவனோ அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். வீட்டுக்கு வருகிறவர்கள் கூப்பிடுவதைப் பார்த்து என்னை 'அக்கா' என்று கூப்பிடவும் பழகிக்கொண்டான்.

வயது இருபத்தாறுதான். ஆனால் மாடிப்படியில் இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்குவான். அவன் ஊரில் ஒருவகைக் கால்பந்து உண்டு. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், கையாலும் தட்டலாம், காலாலும் உதைக்கலாம். அதில் நடுக்களத்தில் ஆடுபவன் இவன். பந்து போகிற இடமெல்லாம் ஓடவேண்டும். பதினெட்டு வயதில் சம்பளம் கொடுத்து எடுத்தார்கள். ஐந்து வருடம் ஆடினான். பிறகு முழங்கால் போய்விட்டது. இரண்டு சத்திரசிகிச்சை செய்தும் சரிவரவில்லை. ஊரில் கடைக்குப் போனாலும் கால் எப்படி என்று கேட்கிறார்கள், இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், அதனால்தான் லண்டனுக்கு வந்தேன் என்றான். பெயின்ட் கடை ஒன்றில் வேலை செய்தான்.

அவனிடம் ஒரு வீடியோ கசெட் இருந்தது. அவன் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம். தொலைக்காட்சியில் போனதை அவனுடைய தந்தை வீட்டில் பதிவு செய்தது. எங்களிடம் வீடியோ டெக் இருந்ததால் கசெட்டையும் எங்கள் அலுமாரியிலேயே வைத்திருந்தான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் இருந்து பார்ப்பான். முடிவதற்குச் சற்று முன்பு எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுவான். "உவனுக்கு இது அலுக்காதோ?" என்று என் கணவர் சமையலறையில் வந்து சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஏன் அந்த இடத்தில் நிறுத்துகிறான் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. நாட்டு நிலைமையில் நான் போகமுடியவில்லை. அம்மாவைப் பார்த்து ஐந்து வருடமாகியிருந்தது. ஒரு ஞாயிறு காலையில், ஹரோவில் இருக்கும் மாப்பிள்ளை வழி உறவினர் ஒருவர் கல்யாண வீடியோவையும் தன்னுடைய டெக்கையும் காரில் கொண்டுவந்து இறக்கினார்.

"பின்னேரம் வாறன், அதுக்குள்ள கொப்பி எடுத்து வையுங்கோ. நாளைக்கு இது ஜெர்மனிக்குப் போகுது" என்றார்.

வெறும் கசெட் ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகளும் பூட்டு. கணவர் வேலையில், அவன் வெளியே போயிருந்தான். அலுமாரியில் இருந்தவை எல்லாம் கடையில் வாடகைக்கு எடுத்த படங்கள். மிஞ்சியது அவனுடைய கசெட் ஒன்றுதான். தவறுதலாக அழியாமல் இருக்க அதன் விளிம்பில் இருக்கும் சிறு துண்டை அவன் தந்தை உடைத்துவிட்டிருந்தார். அந்த ஓட்டையில் ஒரு செலோடேப் துண்டை ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது எனக்குத் தெரியும். எத்தனை தரம் பார்த்துவிட்டான், மனப்பாடமே ஆகியிருக்கும், ஊரில் வேறு பிரதி இருக்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒட்டினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

மாம்பழ நிறச் சேலையில் அம்மா திரையில் வந்தார். இளைத்திருந்தார். கமராவைப் பார்த்து ஏதோ சொன்னார், நாதஸ்வரச் சத்தத்தில் கேட்கவில்லை. அழுது தீர்த்தேன். டெக்கில் ஓடிக்கொண்டிருந்தது யாருடைய கசெட் என்று அந்த நேரம் எனக்கு நினைவே இல்லை.

கணவர் வந்ததும் சொன்னேன். "ஒரு சொல்லுக் கேட்டுட்டுச் செய்திருக்கலாமே. அவன்ர சாமான் எல்லோ" என்றார். அவனிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரமாகத் துணிவு வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு அவன் படியில் வழக்கத்தைவிட வேகமாக இறங்கி வந்தான். இங்கே ஒரு பூங்காவில் அவன் நாட்டுக்காரர்கள் அந்த ஆட்டத்தை ஆடுகிறார்களாம். பயிற்சி கொடுக்கக் கேட்டிருக்கிறார்களாம். நான் யார் என்று லண்டனில் முதல் தடவையாக ஒருவருக்குக் காட்டப் போகிறேன் என்று சொல்லிக் கசெட்டைக் கேட்டான். அப்படிச் சிரித்து அவனை நான் பார்த்ததில்லை.

நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றவன், கசெட்டை வாங்கி டெக்கில் போட்டான். கல்யாணம் ஓடியது. உங்கள் அம்மா யார் என்று கேட்டான். காட்டினேன். பிறகு வேகமாக ஓட்டினான். கல்யாணம் முடிந்து, திரை கொஞ்சம் புள்ளிபுள்ளியாக ஆடி, பச்சை மைதானம் வந்தது. அழியாமல் மிஞ்சியது கடைசி நான்கு நிமிடங்கள். பந்தை எடுத்துக்கொண்டு அவன் திரும்புகிறான். இரண்டு பேர் அவன் காலின் மேல் விழுகிறார்கள். அவன் எழும்பவில்லை. தோளில் தாங்கி வெளியே கொண்டுபோகிறார்கள். அதுதான் அவன் ஆடிய கடைசி ஆட்டமும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் ஓடிய ஓட்டம் முழுவதையும் அழித்துவிட்டு, விழுந்ததை மட்டும் நான் மிச்சம் வைத்திருந்தேன்.

இறுதிவரை பார்த்தான். "இதை மட்டும் நான் பார்த்ததே இல்லை, அக்கா" என்றான் மெதுவாக.

வேறு பிரதி கிடைக்காதா என்று அழுதுகொண்டே கேட்டேன். என்னைப் போன்றவர்களின் ஆட்டத்தை யாரும் எடுத்து வைப்பதில்லை என்றான். கசெட்டை எடுத்து என் கையில் தந்தான். இதில் உங்கள் அம்மா இருக்கிறார், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பழையபடி ஒவ்வொரு படியாக ஏறிப் போனான். அந்தப் பூங்காவுக்கு அவன் போகவில்லை. கோடை முடிவதற்குள் அறையையும் காலி செய்துவிட்டான். எங்கே போனான் என்று தெரியாது.

அடுத்த வருடமே அம்மா இறந்துபோனார். அப்போதும் என்னால் போகமுடியவில்லை. இன்று அசையும் அம்மாவாக என்னிடம் இருப்பது அந்தக் கசெட் ஒன்றுதான். பார்க்கும்போதெல்லாம் பச்சை மைதானம் வருவதற்கு முன்பு நிறுத்திவிடுகிறேன். அம்மா நிற்பது அவன் ஓடிய ஓட்டத்தின் மேல் என்ற நினைப்பை மட்டும் நிறுத்த முடியவில்லை.