அந்த ஜெர்மன் அப்பாவுக்கும் அல்சர்தான்

துபாயில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்காத காலம் அது. ஷார்ஜாவில், ரோலா பக்கம் ஒரு சின்ன ஃப்ளாட்டில் நான், என் கணவர், ஐந்தாவது படிக்கும் மகள் மூவரும் இருந்தோம். அவருக்கு ஏ.சி. பழுதுபார்க்கும் கம்பெனியில் ஃபோர்மேன் வேலை.

வயிற்றுவலி என்று போனவருக்குக் கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார் டாக்டர். அதையும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். தெரிந்தால் மனசு விட்டுவிடுவான், மூச்சு விடாதே என்று ஊரிலிருந்து போனில் சொன்னார் கணவரின் அண்ணன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அல்சர் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற மூன்று பேருக்கும் காரமில்லாத சாப்பாடு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மகள் பக்கத்து ஃப்ளாட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். அவரைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமென்று கீழே சிடி கடையில் ஒரு படம் எடுத்து வந்தேன். அட்டையில் ஒரு குடும்பமே கடற்கரையில் சிரித்துக்கொண்டு நின்றது. வேறென்ன பார்க்க வேண்டும்? போட்ட பிறகுதான் ஜெர்மன் படம் என்று தெரிந்தது. கீழே ஓடிய ஆங்கில எழுத்தை வேகமாகப் படிக்க அவருக்கு வராது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். படத்தில் டாக்டர் அந்த அப்பாவை உட்காரவைத்து, இன்னும் சில மாதங்கள்தான் என்றார். அல்சராம், மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடுமாம் என்றேன். அந்த மனைவி தேம்பி அழுதாள். பல்வலி என்றேன். அப்பா பிள்ளைகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பரீட்சையில் பாஸ் என்றேன்.

படத்தை நிறுத்தப் போன என் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கும் என்னை மாதிரி அல்சர்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ற அண்ணன் இப்ப தினம் பண்றான். எனக்குத் தெரியாதா? நீ பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறதுதான் தாங்கல."

அவர் மடியில் விழுந்து அழுதேன். அவரும் அழுதார். அன்று ராத்திரி நான் வைத்த மீன் குழம்பில் அவரால் இரண்டு வாய்தான் சாப்பிட முடிந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது.

மறுநாள் மகளிடம் அவரே சொன்னார். என்னை டிரைவிங் லைசென்ஸ் எடுக்கச் சொன்னார். மூன்று முறை ஃபெயிலானேன். ஒவ்வொரு முறையும் சோபாவில் படுத்தபடியே கேலி செய்தார். நான்காவது முறை பாஸானதும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோர்ஃபக்கான் கடற்கரைக்கு நானே ஓட்டிப் போனேன். அங்கே மூவரும் சிரித்தபடி எடுத்துக்கொண்ட போட்டோ இன்னும் ஹாலில் இருக்கிறது.

அவர் போன பிறகு அந்த லைசென்ஸ்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. ஆனால் அந்த போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது வேறு: நான் பயந்து மறைத்த அந்த உண்மையைப் பேசிய பிறகுதான், அந்த வீட்டில் நாங்கள் மறுபடி சிரிக்கத் தொடங்கினோம்.