இரண்டு பேர் சபை

அச்சகத்தில் பிழை திருத்துகிற ஆளைக் கட்டிக்கொண்டால் பிழைப்பு எப்படி இருக்கும் என்று தையல்காரம்மாவை யாராவது கேட்டிருந்தால் ஒரு மூச்சு சொல்லி அழுதிருப்பாள். அவள் புருஷன் அச்சகத்தில் சம்பளத்துக்குப் பிழை பார்த்தார். சபைகளில் சும்மாவே பார்த்தார். இருபது வருஷத்தில் நாலு சபை. ஒன்றுகூட அவருக்குத் தேறவில்லை.

அவள் மாதா கோவிலுக்குப் போகிற வீட்டுப் பெண். கல்யாணமான முதல் வாரமே அவள் கையிலிருந்த ஜெபமாலையை அவர் வாங்கி அலமாரிக்கு மேலே போட்டார். மாதாவிடம் கேட்பது தப்பாம், நேரே கேட்க வேண்டுமாம். சரி என்று நேரே கேட்டாள். அப்புறம் அவருடைய சபையே தப்பாகிவிட்டது: குழந்தை தலையில் தெளிப்பதெல்லாம் ஞானஸ்நானம் இல்லையாம். இரண்டு பேரும் வெள்ளை உடுத்தித் தொட்டியில் முழுகினார்கள். முழங்கை தண்ணீருக்கு மேலே நின்றுவிட்டது என்று அவளை மறுபடி ஒரு முக்கு முக்கினார்கள். கம்மலைக் கழற்ற வைத்ததும் அந்தப் புண்ணியவான்கள்தான். மூன்றாவது சபையில் சனிக்கிழமை ஓய்வுநாள். பள்ளிச் சீருடைகளைத் தைத்துக் கொடுக்கிற நாளும் சனிக்கிழமைதான் என்பதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? நாலாவதில் போதகர் கிடையாது, பெண்களுக்கு முக்காடு மட்டும் உண்டு. அங்கே திருவிருந்து ரசத்தை எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குடிப்பதா, ஆளுக்கொரு சின்னக் கிண்ணமா என்று மூன்று மாதம் மல்லுக்கட்டிவிட்டு வெளியே வந்தார்.

கடைசியில் வீட்டு முன்னறையிலேயே சபை தொடங்கினார். மேய்ப்பர் அவர், மந்தை அவள். எந்த நாள் சரி என்று இன்னும் முடிவாகாததால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூட்டம். விதிமுறை மட்டும் பதினொரு பக்கம் எழுதினார். அதில் ஓர் எழுத்துப்பிழை கிடையாது, அந்தப் பெருமை வேறு.

அப்போதுதான் அவள் தங்கைக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. தங்கை இன்னும் மாதா கோவில்தான். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். "அக்கா, நீ வந்து தூக்கிக்கிட்டு நிக்கலேன்னா நான் தண்ணியே ஊத்த விடமாட்டேன்" என்று போனில் அழுதாள். தையல்காரம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. குழந்தைக்கு வெள்ளையில் ஒரு கவுன் தைத்தாள். தைத்த நேரத்தைவிட அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தாவிட்டால் செத்தாலும் மனசு ஆறாது என்று தோன்றியது.

"மூணு சொட்டுத் தண்ணிக்கு நீ சாட்சியா? போனா சபை நடவடிக்கை எடுக்கும்" என்றார்.

"எந்தச் சபைங்க?"

"நம்ம சபைதான்."

எடுத்தது. சனிக்கிழமை காலை, சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தார். பொய் ஞானஸ்நானத்துக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் சகோதரி சபையைவிட்டு விலக்கப்படுகிறாள். அவளோடு சபையார் ஒரே மேசையில் உட்காரக் கூடாது. அவள் கையால் சமைத்ததைத் தொடக் கூடாது. மனம் திரும்பும்வரை இப்படியே. வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தாராக்கும்.

அவள் அசையவில்லை. வேறு வழியில்லாமல் தீர்மானத்துக்கு ஆதரவாக அவரே முதலில் கையைத் தூக்கினார்.

"இது ஒருமனதா நிறைவேறணும். ஆறாம் பக்கத்துல விதி இருக்கு. நீ ஒத்துக்கலேன்னா தள்ளி வைப்போம். யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசிக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வலது கையை நன்றாக உயர்த்தினாள். இருபது வருஷத்தில் அவள் ஒரு தீர்மானத்துக்குக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

கவுனைப் பையில் மடித்து வைத்து, இரண்டு புடவையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு அவள் பின்னாலேயே வந்தார்.

"அப்ப மத்தியானச் சாப்பாடு?"

"என் கை பட்டதை நீங்க தொடக் கூடாதுங்களே" என்று செருப்பை மாட்டினாள். "தங்கச்சி வீட்லதான் இருப்பேன். சபை மனம் திரும்பினா போன் பண்ணச் சொல்லுங்க."