எதிர்வீட்டுக் காருக்கு என்னமோ பிடித்துவிட்டது

எதிர்வீட்டு சேகருக்கு நாற்பது வயது. தினமும் சாயங்காலம் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஃப்ளாட் நடைபாதையில் உள்ளங்கை அளவு ரிமோட் கார் ஓட்டுவார்.

நேற்று என் வாசலில் ஓட்டினார். வெள்ளிக்கிழமைக் கோலம் முழுக்கச் சக்கரத் தடம்.

"சின்ன காருதானே லா, அக்கா" என்று சிரித்தார்.

இன்று மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு கடையில் அதே கார் கண்ணில் பட்டது. கடைக்காரர் நல்லவர், குறையையும் சொன்னார். "ரெண்டா வாங்காதீங்க ஆன்டி. எல்லாத்துக்கும் ஒரே சிக்னல். ஒரு ரிமோட்ட அமுக்குனா ரெண்டும் ஓடும்."

எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. ஒன்று வாங்கினேன்.

மாலையில் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அமுக்கினேன். சேகரின் கார் நேராக ஓடி மாடிப்படியில் உருண்டது. எடுத்து வந்து வைத்தார். மறுபடியும் அமுக்கினேன்.

கடைசியில் வெளிறிய முகத்தோடு என் கதவைத் தட்டினார்.

"அக்கா, காருக்கு என்னமோ புடிச்சிருச்சு. நாளைக்கு டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு பூசை போடப் போறேன். நீங்களும் வாங்க."

"சின்ன காருதானே லா, தம்பி" என்றேன்.

கட்டாயம் போவேன். ரிமோட் கைப்பையில் இருக்கும். சூடம் காட்டும்போதே அமுக்கவா, எலுமிச்சம்பழம் வைக்கும் வரை பொறுக்கவா? நீங்களே சொல்லுங்கள்.