என் தலையை நான்கு பேர் பங்கு போட்ட கள்ளக்குறிச்சிப் பயணம்

கல்வராயன் மலைக்கு வழி கேட்டு எழுதுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பதுதான். ராகுகாலம் பார்க்கிற ஆள் இல்லை நான். ஒரு செவ்வாய்க்கிழமை என் தலைக்கு நேர்ந்தது இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. நான் சென்னையில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி சலூன்காரர்கள் சேர்ந்து முடிவெட்டுப் போட்டி நடத்துகிறார்கள், முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளைகள் விழிப்பதையே எடுத்து அலுத்துப்போயிருந்ததால் உடனே ஒப்புக்கொண்டேன்.

உளுந்தூர்பேட்டை வரை சுமார் இருநூறு கிலோமீட்டர் பஸ் ஒழுங்காக வந்தது. அங்கே எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். எலவனாசூர்கோட்டைக்கு அப்பால் சாலையின் குறுக்கே புளியமரங்கள் கிடந்தன. மிச்சம் நாற்பது கிலோமீட்டரைக் கரும்பு வண்டி, டிராக்டர், சொந்தக் கால் என்று மாறி மாறிக் கடந்தேன். செலவு ஏழு ரூபாய். மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள் தண்ணீர் கொடுத்து, கேமராவை மரத்துக்கு மேலாகத் தூக்கியும் விட்டார்கள். எங்கே போகிறேன் என்று தெரிந்ததும் ஒருவர் மட்டும், "ஊரு இருக்கிற இருப்புல இது ஒண்ணுதான் கொறச்சலா?" என்றார். நியாயமான கேள்விதான்.

மறுநாள் காலை ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. அமைப்பாளர் கோவிந்தன் கேமரா முன்னால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பேட்டி கொடுத்தார். "வேற எந்த நாளு வெச்சாலும் யாவாரம் கெட்டுப்பூடும் சார். செவ்வாக்கெழமதான் எல்லாக் கடையும் லீவு. ரொம்ப யோசிச்சிதான் வெச்சிக்கிறோம்."

செவ்வாய்க்கிழமை ஏன் லீவு என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அன்றைக்கு யாரும் முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள்.

மறியலுக்கு நடுவே வந்து சேர்ந்த போட்டியாளர்கள் நான்கு பேர். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த ராஜாமணி, பேட்டி முழுக்கக் காற்றிலேயே கத்தரி போட்டுக்கொண்டிருந்தார். மணலூர்பேட்டையிலிருந்து அண்ணன் தம்பி இருவர். நான்காவதாக வெள்ளிமலையிலிருந்து பொன்னி. சேலத்தில் ஒரு சலூனில் மூன்று வருஷம் முடி கூட்டிப் பெருக்கியவர், பார்த்துப் பார்த்தே வெட்டக் கற்றுக்கொண்டாராம். மற்ற மூவரும் அவரை வழி தவறி வந்தவர் மாதிரி பார்த்தார்கள்.

பரிசு ஒரு சுழல் நாற்காலி. சிவப்பு ரெக்சின், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பொன்னி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலையில தகர டின்னு மேல உக்கார வெச்சிதாங்க வெட்டறேன். நாக்காலி இல்லாதது ஒரு கடையான்னு ஆம்பளைங்கல்லாம் பஸ் ஏறிக் கீழ வந்துடறாங்க. அது கெடைச்சா கடை நிக்கும். இல்லாங்காட்டி மூட வேண்டியதுதாங்க."

கோவிந்தன் விசில் ஊதினார். நான்கு கத்தரிகள் எழுந்தன. தலை ஒன்றுகூட இல்லை. வருவதாகச் சொன்ன வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் காலையில்தான் கிழமை ஞாபகம் வந்திருக்கிறது. பொன்னி கூட்டி வந்தவர் பாதி மலையிலேயே இறங்கிவிட்டார். எதிர் டீக்கடை பாய்க்குச் செவ்வாய் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் அவர் மொட்டை அடித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். காதை மூடும் அளவுக்கு முடி வளர்த்திருந்தேன், அந்தக் கால ஸ்டைல்.

"ஆளுக்குக் கால் தலை, கால் மணி நேரம்," என்று தீர்ப்புச் சொன்னார் கோவிந்தன். சாலையில் ஜனங்கள் பங்கு கேட்டு உட்கார்ந்திருக்க, இங்கே என் மண்டைக்குப் பங்கு பிரித்தார்கள். மூத்தவர் என்று ராஜாமணிக்கு முன்பக்கம். அண்ணனுக்கு வலது, தம்பிக்கு இடது. கடைசியாக வந்த பொன்னிக்குப் பின்பக்கம். கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டு உட்கார்ந்தேன்.

முன்னால் படிக்கட்டு மாதிரி ஸ்டெப் கட்டிங். வலது பக்கம் கன்னம் வரை கிருதா. இடது பக்கம் ஒட்ட வெட்டிய போலீஸ் கிராப்பு. கண்ணாடியில் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பொன்னி சீப்பை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். "இவரு இப்பிடியே ஊருக்குப் போவாராங்க?" என்று சொல்லிவிட்டு முன்பக்கத்தில் கத்தரி வைத்தார்.

"ஏம்மா, அது என் பங்கு!" என்று ராஜாமணி எகிறினார்.

"தலை என்னுது!" என்று நான் கத்தினேன்.

ஒன்றோடொன்று சேராத மூன்று துண்டையும் அவர் இழைத்து ஒன்றாக்கினார். கொஞ்ச நேரத்தில் அண்ணனும் தம்பியும் குனிந்து அவர் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ராஜாமணியின் கத்தரிகூட நின்றுவிட்டது. விசில் ஊதியபோது என் முகம் மனித முகம் ஆகியிருந்தது. ஆனால் பின்பக்கத்தில் ஒரு முடிகூட வெட்டவில்லை. தன் பங்கை முடிக்காதவர் என்று பொன்னியின் பெயரை அடித்துவிட்டார்கள். நாற்காலி ராஜாமணிக்குப் போனது.

"நாளைக்கி மேல வாங்க, பின்னால முடிச்சிடறேன்," என்றார் பொன்னி சாதாரணமாக.

மலைப்பக்கம் மறியல் இல்லை. மறுநாள் கச்சிராயபாளையம் வழியாக ஒரு ஜீப்பில் ஏறிப் போனேன். வெள்ளிமலையில் என் கேமராவைப் பார்க்கக் கூட்டம் கூடியது. கண்ணை வைத்துப் பார்க்கும் அதன் துளை வழியே டேப்பைத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். முதலில் பார்த்த பெரியவர் நகரவே இல்லை. "டவுன்காரனுங்களே வாயப் பொளந்துகினு நம்ம பொன்னி கையப் பாக்கறானுங்கடா!" என்றார். பார்த்து முடித்ததும் நேரே போய்த் தகர டின்மேல் உட்கார்ந்தார். "எனக்கும் அதே மாதிரி போடும்மா."

அவருக்குப் பின்னால் வரிசை வளர்ந்தது. நான் வரிசையில் நிற்கும்போதே கடைசி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. பின்பக்கம் தோளில் புரள, அப்படியே சென்னை வந்து சேர்ந்தேன்.

இப்போது போகிறவர்களுக்கு: கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு நேராகவே பஸ் இருக்கிறது. மழை ஓய்ந்த பிறகு போனால் அருவியில் தண்ணீர் பார்க்கலாம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், என்னை மாதிரி முழிக்காதீர்கள்.

போன வருஷம் நானும் போனேன். பொன்னி கடையில் இப்போது இரண்டு சுழல் நாற்காலி. என்னை அடையாளம் கண்டதும், "பின்னால பாக்கி இருக்குதுங்களே, உக்காருங்க," என்று துண்டைப் போர்த்தினார். நாற்காலியைத் திருப்பியவர் எடுத்த சீப்பைத் திரும்பக் கீழே வைத்தார். எனக்கு வழுக்கை விழுந்ததே அந்த இடத்தில்தான்.

"பரவால்லீங்க," என்றார் கடைசியில். விசில் ஊத ஆள் இல்லை. மிஞ்சியிருந்த நாலு முடியைக் கால் மணி நேரம் நிதானமாக வெட்டித் தன் பங்கை முடித்தார்.